கூப்பர்ஸ்டவுன்: மாடியில் இருக்கிறார், கீழே இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலின் ஆகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் யாருடைய முகத்தை வெண்கலத்தில் வார்ப்பது என்று தீர்மானிக்கிற ஓட்டு முறைக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டும் ஒரே டிக்கெட்டில் வருவதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். தலைப்பில் இருப்பவர் பேரி பாண்ட்ஸ்: அவர் அடித்த பந்து மாடியில் இருக்கிறது, ஸ்டெராய்டு சந்தேகத்தால் அவருடைய பலகை கீழே இல்லை.

போன அக்டோபரில், மகளின் சாஃப்ட்பால் சீசன் முடிந்த வாரக் கடைசியில், நியூ ஜெர்சியிலிருந்து மூன்று பேராகக் கிளம்பினோம். ஏறக்குறைய நான்கு மணி நேர ஓட்டம். கடைசி ஒரு மணி நேரம் மலைச்சாலை, மாட்டுப் பண்ணைகள், நிறம் மாறிய இலைகள். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் இரண்டாயிரம் பேர்கூட வசிப்பதில்லை. ஆனால் மெயின் ஸ்ட்ரீட்டில் கடைக்குக் கடை மட்டை, தொப்பி, கையெழுத்துப் போட்ட பந்து. என் மனைவி தெருவின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, "ஏங்க, ஒரு பந்துக்காக ஒரு ஊரா?" என்று கேட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டாள். ஒட்சிகோ ஏரிக்கு அவள் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறாள். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஜூலைக் கடைசியில் போகாதீர்கள். அப்போதுதான் புதியவர்களைச் சேர்க்கும் விழா நடக்கும், சின்ன ஊர் மூச்சுத் திணறும். அக்டோபரில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று நிதானமாகப் படிக்கலாம். டிக்கெட் ஆளுக்கு முப்பது டாலர் வாக்கில் ஆகும். நாங்கள் தங்கியது ஊருக்கு வெளியே ஒரு மோட்டல். இரவு முழுக்க ஹீட்டர் இருமிக்கொண்டே இருந்தது. வேறு எதுவும் சொல்வதற்கில்லை.

இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெருமை என்று கேட்டால், அடித்தளமே ஒரு கட்டுக்கதை. 1839-ல் ஆப்னர் டபுள்டே என்பவர் இங்கேதான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குழு முடிவு கட்டியது. அந்த வருடம் அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். ஆனாலும் கதை ஒட்டிக்கொண்டது, 1939-ல் அருங்காட்சியகமும் திறந்தாகிவிட்டது. இன்றைக்கு அருங்காட்சியகமே அது கதைதான் என்று ஒப்புக்கொள்கிறது. எனக்கு இந்த இடம் பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம். தன் பிறப்புச் சான்றிதழே பொய் என்று சுவரில் எழுதி வைக்க எத்தனை நிறுவனங்களுக்கு மனசு வரும்?

இனி நான் யார் என்று சொல்ல வேண்டும். இருபத்தேழு வருடமாக என் வேலை மற்றவர்களின் சிறுநீரைச் சோதிப்பது. லாரி ஓட்டுநர்கள், வேலைக்கு விண்ணப்பித்தவர்கள், விபத்துக்குப் பிறகு அனுப்பப்படுபவர்கள். விருந்துகளில் இதைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். விளையாட்டு வீரர்களின் சாம்பிள் எங்களிடம் வராது, அதற்குத் தனிப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. ஆனாலும் இந்த விமர்சனத்தை ஒரு லேப் ஆள் எழுதுகிறான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அமெரிக்கா வந்தது 1998 கோடையில். ஒரு அபார்ட்மென்டில் நாலு பேர், ஒரு டிவி, அதில் கிரிக்கெட் வராது. பேஸ்பாலில் பந்தைச் சுவருக்கு வெளியே அடிக்கிற சமாச்சாரம் ஒன்று இருக்கிறது, அதில் இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள் என்று தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது. செயின்ட் லூயிஸில் மார்க் மெக்வயர், சிகாகோவில் சாமி சோசா. 1961-ல் ரோஜர் மேரிஸ் ஒரே சீசனில் அடித்த 61 ஹோம் ரன்களை யார் முதலில் தாண்டுவது என்பதுதான் கேள்வி. செப்டம்பர் 8 இரவு மெக்வயர் 62-வதை அடித்தார். பெரிய அடிகூட இல்லை, 341 அடி தூரம், சுவரை உரசிக்கொண்டு போனது. சந்தோஷத்தில் முதல் பேஸை மிதிக்காமல் தாண்டிப் போய், திரும்பி வந்து மிதித்தார். எதிரணியில் இருந்த சோசா ஓடிவந்து கட்டிப்பிடித்தார். நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையைத் தட்டினார். அந்த வருடம் மெக்வயர் 70-லும் சோசா 66-லும் முடித்தார்கள். 1994-ல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸே ரத்தாகிப் போய், கோபத்தில் விலகியிருந்த ரசிகர்களை இந்த இரண்டு பேர்தான் திரும்ப இழுத்து வந்தார்கள் என்று எல்லோரும் கொண்டாடினார்கள்.

அதே ஆகஸ்டில் ஒரு நிருபர் மெக்வயரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் பாட்டிலைப் பார்த்து எழுதினார். உடம்புக்குள் போனால் டெஸ்டோஸ்டெரோனாக மாறக்கூடிய பொருள். அன்றைக்கு ஒலிம்பிக்கில் தடை, அமெரிக்கக் கால்பந்தில் தடை, பேஸ்பாலில் தடையில்லை, கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலை. திட்டு வாங்கியது மெக்வயர் அல்ல, லாக்கரை எட்டிப் பார்த்த நிருபர்தான். 2010 ஜனவரியில் மெக்வயரே ஸ்டெராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டார். ஓட்டுச் சீட்டில் அவர் பெயர் பத்து வருடம் இருந்தது. தேவை 75 சதவீதம். ஒருமுறைகூட 24-ஐத் தொடவில்லை.

மாடிகளைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாவது, மூன்றாவது தளங்கள்தான் உண்மையான அருங்காட்சியகம். கறுப்பின வீரர்களை வெளியே நிறுத்தி வைத்த காலம், பெண்கள் ஆடிய லீக், லத்தீன் அமெரிக்க வீரர்கள் என்று எதையும் பூசி மெழுகவில்லை. ஹேங்க் ஆரனுக்குத் தனி அறை இருக்கிறது. பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை அந்தக் கறுப்பின வீரர் நெருங்கியபோது வந்த வெறுப்புக் கடிதங்களின் கதையை அங்கே படித்த என் மகள் பத்து நிமிடம் பேசவில்லை. பதினைந்து வயதுப் பெண் பத்து நிமிடம் பேசாமல் இருப்பது சாதாரண விஷயமில்லை. சாதனைகளுக்கான பகுதியில் எல்லோரும் இருக்கிறார்கள், கறை படிந்தவர்கள் உட்பட. ஸ்டெராய்டு பற்றிய விளக்கம் மட்டும் சுருக்கமாகப் போய்விட்டது. அந்த அரை நட்சத்திரத்தை அதற்காகத்தான் குறைத்தேன். ஒரு முழு அறை ஒதுக்கியிருக்க வேண்டிய விஷயம் அது.

இருப்பதிலேயே என்னை அதிக நேரம் நிறுத்தியது ஒரு பந்து. 2007 ஆகஸ்ட் 7 அன்று பேரி பாண்ட்ஸ் ஆரனின் 755-ஐத் தாண்டி அடித்த 756-வது ஹோம் ரன் பந்து. அதை ஏலத்தில் எடுத்தவர் மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர். விலை 7,52,467 டாலர். வாங்கியதும் பொதுமக்களிடம் ஓட்டு வைத்தார்: அப்படியே ஹாலுக்குக் கொடுக்கவா, நட்சத்திரக் குறி போட்டுக் கொடுக்கவா, ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பவா? நட்சத்திரக் குறி ஜெயித்தது. பந்தின் தோலிலேயே குறியை வெட்டி ஹாலுக்குக் கொடுத்தார்கள். அச்சில் நட்சத்திரக் குறி போட்டால் கீழே அடிக்குறிப்பு இருக்க வேண்டும். இந்தப் பந்துக்கு யாரும் இன்னும் அடிக்குறிப்பு எழுதவில்லை.

அதைப் பார்த்துவிட்டுத் தரைத்தளத்துக்கு வந்தோம். நீண்ட அமைதியான கூடம், சுவரெங்கும் வெண்கலப் பலகைகள். நாங்கள் போனபோது 351 பேர். தேர்வான ஆண்டு வரிசையில் மாட்டியிருக்கிறார்கள். கடைக்கோடி வட்டத்தில் 1936-ன் முதல் ஐவர்: டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மாத்யூசன், வால்டர் ஜான்சன். மகள் ஜப்பானிய வீரர் இச்சிரோவின் புதுப் பலகைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டாள். 394 ஓட்டில் 393 வாங்கியவர். போடாத அந்த ஒரு புண்ணியவான் யார் என்று ஊரே தேடுகிறது. அப்புறம் அவள் சுற்றிச் சுற்றி வந்து கேட்டாள்:

"அப்பா, மேல இருந்த 762 ஹோம் ரன்காரர் இங்க எங்க?"

"இல்லம்மா."

"ஏழு தடவை சிறந்த வீரருக்கான எம்விபி விருது வாங்கினவர் இல்லையா?"

"இல்ல."

"ஏன்? தடை பண்ணிட்டாங்களா?"

தடை செய்யவில்லை. இதைத்தான் அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. சூதாட்டத்துக்காக 1989-ல் நிரந்தரத் தடை வாங்கிய பீட் ரோஸின் கதை வேறு. அங்கே எழுதிய விதி இருந்தது, அவர் உயிரோடு இருந்தவரை ஓட்டுச் சீட்டிலேயே பெயர் வராது. பாண்ட்ஸின் பெயர் பத்து வருடம் சீட்டில் வந்தது. பத்து வருடமும் ஓட்டுப் போட்டவர்கள் தயங்கினார்கள். 2013-ல் 36.2 சதவீதம், கடைசி முறை 2022-ல் 66. பிட்சர், அதாவது பந்துவீச்சாளர், ரோஜர் கிளெமென்ஸுக்கும் அதே கதை. 354 வெற்றி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஏழு, கடைசியில் 65.2.

முறை இதுதான். பத்து வருடம் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் இருந்த பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஒரு சீட்டில் அதிகபட்சம் பத்துப் பெயர். 75 சதவீதம் வேண்டும், 5-க்குக் கீழே போனால் பெயர் உதிர்ந்துவிடும். வெற்றுச் சீட்டும் கணக்கில் சேரும். 2021-ல் பதினான்கு பேர் வெற்றுச் சீட்டு அனுப்பினார்கள், அந்த வருடம் எழுத்தாளர்கள் ஓட்டில் யாருமே தேறவில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? விதியில் ஆறு விஷயங்கள் உண்டு: சாதனைக் கணக்கு, ஆட்டத் திறமை, நேர்மை, விளையாட்டு உணர்வு, நடத்தை, அணிக்குச் செய்த பங்களிப்பு. நடுவில் உள்ள மூன்றுக்கு என்ன அளவுகோல் என்று ஒரு வரிகூட இல்லை.

எங்கள் லேபில் இது நடக்காது. பாட்டில் வந்து சேருவதற்கு முன்னாலேயே எண் எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பெயர் கட்-ஆஃப். கஞ்சாவுக்கு முதல் சோதனையில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், தாண்டினால் உறுதிச் சோதனை, அதில் 15. முதல் சோதனையில் 49 வந்தால் நெகட்டிவ். அந்த ஆள் புகைக்கிறவர்தான் என்று என் மனசாட்சி சத்தியம் செய்தாலும் நெகட்டிவ்தான். எண் தப்பாக இருக்கலாம். நான் வந்த 1998-ன் கடைசியில்தான் ஓபியேட்டுக்கான (அபின் வகைப் பொருட்கள்) எல்லையை 300-லிருந்து 2,000-க்கு உயர்த்தினார்கள். கசகசா தூவிய ரொட்டி சாப்பிட்டவர்களெல்லாம் அதுவரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாற்றலாம், ஆனால் எழுதி மாற்ற வேண்டும், இனி வரும் பாட்டில்களுக்குத்தான் அது பொருந்தும்.

ஹால் ஓட்டில் ஒவ்வொரு எழுத்தாளரும் தனி லேப். ஒருவர் சோதனையில் பிடிபட்டவரை மட்டும் ஒதுக்குகிறார். இன்னொருவர் பேஸ்பாலில் ஸ்டெராய்டு பயன்பாட்டை விசாரித்து 2007-ல் வந்த மிட்செல் அறிக்கையின் 89 பெயர்களையும் ஒதுக்குகிறார். வேறொருவர் அந்தக் காலத்தில் எல்லோரும்தான் எடுத்தார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார். முதுகில் பரு இருந்தது, கழுத்து தடித்தது என்று உருவத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னவர்களும் உண்டு.

பாண்ட்ஸ் சோதனையில் தோற்றதே இல்லையே என்பார்கள் அவருடைய ரசிகர்கள். லேப்காரனிடம் இதைச் சொல்லாதீர்கள். லீக்கின் தலைமை நிர்வாகியான பேஸ்பால் கமிஷனர் 1991-லேயே ஸ்டெராய்டு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார், ஆனால் சோதனை கிடையாது. முதல் சோதனை 2003-ல், அதுவும் பெயர் வெளியிடாத கணக்கெடுப்பு. தண்டனை 2004-லிருந்துதான். பாண்ட்ஸ் ஒரே சீசனில் 73 ஹோம் ரன் அடித்த 2001-ல் யாரும் பாட்டிலே நீட்டவில்லை. அடுத்தது, கலிஃபோர்னியாவின் பால்கோ நிறுவனம் கொடுத்துக்கொண்டிருந்த டிஎச்ஜி என்ற ஸ்டெராய்டை அன்றைய இயந்திரங்களால் பார்க்கவே முடியாது. 2003-ல் ஒரு பயிற்சியாளர் பயன்படுத்திய ஊசியை அதிகாரிகளுக்கு அனுப்பி வைத்த பிறகு, லாஸ் ஏஞ்சல்ஸ் லேபில் உட்கார்ந்து அதன் மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். நெகட்டிவ் என்றால் எடுக்கவில்லை என்று பொருளல்ல, நாங்கள் தேடியது கிடைக்கவில்லை என்று பொருள். பாண்ட்ஸ் தனக்குத் தரப்பட்ட திரவத்தை ஆளிவிதை எண்ணெய் என்றும் களிம்பை மூட்டுவலிக்கு என்றும் நினைத்ததாக, பால்கோ வழக்கை விசாரித்த கிராண்ட் ஜூரியிடம் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. எடுத்தார் என்றுதான் நான் நம்புகிறேன். தெரிந்தே எடுத்தார் என்றும் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை ரிப்போர்ட்டில் எழுத முடியாது.

டேவிட் ஆர்டிஸைப் பாருங்கள். 2022-ல், பாண்ட்ஸ் கடைசியாகத் தோற்ற அதே ஓட்டில், முதல் முயற்சியிலேயே 77.9 சதவீதத்தோடு உள்ளே போனார். 2003 கணக்கெடுப்பில் பாசிட்டிவ் வந்தவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததாக 2009-ல் செய்தி வந்தது. அந்தப் பட்டியலில் சில பெயர்கள் பற்றி அறிவியல் ரீதியான கேள்விகள் இருந்தன என்று கமிஷனர் மான்ஃப்ரெட் பின்னால் சொன்னார். பெயர் வெளியே வராது என்று சொல்லி வாங்கிய சாம்பிளை ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கட்சி. எனவே ஆர்டிஸ் உள்ளே இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் இந்தக் காரணத்துக்காகத்தான் போட்டார்களா, இல்லை சிரித்த முகத்துக்காகவா? பாண்ட்ஸ் நிருபர்களிடம் சிடுசிடுத்தார், ஆர்டிஸ் கட்டிப்பிடித்தார். நேர்மை என்ற கட்டத்தில் எது விழுந்தது என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. சீட்டுகளையெல்லாம் கட்டாயமாக வெளியிடலாம் என்று எழுத்தாளர்களே தீர்மானம் போட்டார்கள். ஹால்தான் வேண்டாம் என்றது.

அலெக்ஸ் ரோட்ரிகஸ், மேனி ராமிரெஸ் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. விதி எழுதி, தண்டனை அட்டவணை ஒட்டிய பிறகு மாட்டியவர்கள். ராமிரெஸ் இரண்டு முறை. ரோட்ரிகஸ் 2014 சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். 696 ஹோம் ரன், 2025 ஓட்டில் 37.1 சதவீதம். சரி, நியாயம்.

ஹால் ஒருமுறை எல்லை போட முயற்சி செய்தது உண்மை. 2017 நவம்பரில் அதன் துணைத் தலைவரும் பழைய வீரருமான ஜோ மார்கன் ஓட்டாளர்களுக்குக் கடிதம் அனுப்பினார்: சோதனையில் தோற்றவர், தானே ஒப்புக்கொண்டவர், மிட்செல் அறிக்கையில் பெயர் வந்தவர், இந்த மூவருக்கும் போடாதீர்கள். ஒரு வழியாக யாரோ கோடு கிழித்தார்கள் என்று முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாவது வகையில்தான் இடித்தது. அறிக்கை என்பது சோதனை அல்ல, யாரோ சொன்னதை யாரோ எழுதியது. கிளெமென்ஸ் மறுத்தார், பொய்ச்சாட்சி வழக்கில் 2012-ல் விடுதலையும் ஆனார். அதைவிடப் பெரிய குறை, அது வேண்டுகோள்தான், விதியாக மாறவே இல்லை. ஐந்து வருடம் பாட்டில்களைச் சோதித்த பிறகு, கட்-ஆஃப் இவ்வளவு இருந்தால் நன்றாக இருக்கும் என்று சூபர்வைசர் கடிதம் எழுதுவது போல.

கூடத்தில் மகளுக்கு இன்னொரு பலகையைக் காட்டினேன். பட் சீலிக். மெக்வயரின் 70, பாண்ட்ஸின் 73, பால்கோ, மிட்செல் அறிக்கை எல்லாம் நடந்தபோது கமிஷனர் நாற்காலியில் இருந்தவர். 2017-ல் அவருக்குப் பலகை மாட்டினார்கள். பத்திரிகையாளர் ஓட்டில் அல்ல, தனிக் குழு வழியாக, 16-க்கு 15 ஓட்டு. பலகையில் தொழிலாளர் அமைதி, ரீப்ளே, நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் சட்டை எண் 42-ஐ எல்லா அணிகளிலும் ஓய்வுபெற வைத்தது எல்லாம் வார்த்திருக்கிறார்கள். ஸ்டெராய்டு என்ற சொல் இல்லை. ஓட்டாளர்களில் சிலருக்கும் இது உறைத்திருக்க வேண்டும். அவர் தேர்வான அந்தப் பருவத்திலேயே பாண்ட்ஸ் 44.3-லிருந்து 53.8-க்கு ஏறினார்.

இந்தக் கூடம் ஒன்றும் சன்னதி அல்ல. விதிக்குப் புறம்பாக எச்சில் பந்து, கிரீஸ் பந்து வீசிப் பேர்போன கேலார்ட் பெரி இருக்கிறார். கறுப்பர்களோடு ஆட மறுத்த கேப் ஆன்சன் இருக்கிறார். 1889-ல் மிருகங்களின் விரையிலிருந்து எடுத்த சாற்றை ஊசி போட்டுக்கொண்டு பந்துவீசியதாகப் பத்திரிகையில் பாராட்டு வாங்கிய ஜேம்ஸ் கால்வின் இருக்கிறார். லேப்காரனாகச் சொல்கிறேன், அந்தச் சாற்றில் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் நோக்கம் சுத்தமாக அதேதான்.

டிசம்பரில் வந்த முடிவுக்காகத்தான் இதை எழுதாமல் வைத்திருந்தேன். எழுத்தாளர்கள் கைவிட்டவர்களை மறுபடி பார்க்கும் பதினாறு பேர் குழு 2025 டிசம்பரில் கூடியது. பாண்ட்ஸின் பழைய சக வீரர் ஜெஃப் கென்ட் 14 ஓட்டோடு உள்ளே போனார். பாண்ட்ஸ், கிளெமென்ஸ் இருவருக்கும் ஐந்து ஓட்டுகூட இல்லை. புதிய விதிப்படி ஐந்துக்குக் கீழே வாங்கினால் அடுத்த சுற்றில் பெயர் வராது. அதாவது 2031 வரை காத்திருக்க வேண்டும். எத்தனை ஓட்டுக்குக் கீழே போனால் எவ்வளவு காலம் வெளியே என்பதற்கு மட்டும் துல்லியமான எண் எழுதத் தெரிந்திருக்கிறது.

மகளிடம் சொன்னேன். விரல்விட்டு எண்ணினாள். "அப்ப எனக்கு இருபத்தொன்னு. நானே கார் ஓட்டிட்டு வரேன். அந்த மோட்டல் மட்டும் வேணாம்."

போகிறவர்கள் முதலில் இரண்டாவது தளத்தில் ஆரம்பியுங்கள், அப்புறம் மூன்றாவது, கடைசியாகப் பலகைக் கூடம். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். கூடத்தை முதலில் பார்த்தால் யார் இல்லை என்பதே உங்களுக்குத் தெரியாது. வாசலுக்குப் பக்கத்தில் உள்ள கடையில் ஒவ்வொரு பலகைக்கும் தபால் அட்டை விற்கிறார்கள். நான் ஆரனை வாங்கினேன்.